டிராக்டருக்கு ஒரு காவல் மணி

உழவுக்குக் காளைகளையே நம்பியிருந்த காலத்தில், உழவர் திண்ணையில் படுத்து உறங்கினாலும் அவருடைய செவி தொழுவத்திலேயே இருக்கும். கழுத்து மணி நள்ளிரவில் வழக்கத்திற்கு மாறாக ஒலித்தால், அவர் கோலை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார். இன்று பல கிராமங்களில் காளைகள் நின்ற இடத்தில் டிராக்டர் நிற்கிறது. ஒரு ஜோடி மாட்டைப் போலப் பன்மடங்கு விலையுள்ள பொருள் அது. பெரும்பாலும் கடனில் வாங்கப்பட்டது. ஆனால் அதன் கழுத்தில் மணி இல்லை.

டிராக்டர் திருடு போனால், உழவர் இழப்பது வண்டியை மட்டும் அன்று. தவணை நிற்பதில்லை, பருவம் காத்திருப்பதில்லை, அவருடைய வண்டியை வாடகைக்கு எதிர்பார்த்திருக்கும் பத்துப் பேரின் நாற்றும் வயதாகிவிடுகிறது. சட்டம் கட்டாயப்படுத்தும் மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்திருந்தால், திருட்டுக்கு இழப்பீடும் கிடையாது. வண்டி முழுவதும் போகாமல் பாட்டரி மட்டும் போனாலும், உழவு நாளில் அது சிறு நஷ்டம் ஆகாது.

சாவி இருக்கிறதே என்று நாம் ஆறுதல் கொள்வதற்கும் இடமில்லை. ஒரே வகை டிராக்டர்கள் பலவற்றுக்கு ஒரே சாவி பொருந்துவதுண்டு என்பதை ஓட்டுநர்கள் அறிவர். ஆகையால், அயலார் கை பட்டவுடன் கூவி எழுப்பும் ஒரு மணியை வண்டியிலேயே பொருத்தி வைப்பது நல்லது. கடைகளில் இதனை அலாரம் என்று கூறி விற்கின்றனர். அதனை இணைக்கும் முறையையும், இணைப்பில் நேரும் பிழைகளையும் இக்கட்டுரையில் காண்போம். வேலையை ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் ஒப்படைப்போரும் இதனைப் படித்தறிதல் நலம். நன்றாகச் செய்யப்பட்டதா என்பதைக் கண்டறிய வேண்டியவர் வண்டிக்கு உடையவரே அல்லவா?

உறுப்புகள்

அலாரத்திற்கு மூளை போன்றது ஒரு சிறு கட்டுப்பாட்டுப் பெட்டி. அதற்குச் செய்தி கொண்டு வருவன உணர்விகள். செய்தி வந்தவுடன் ஒலிப்பது சைரன். பெட்டியை விழிக்கச் செய்வதும் உறங்கச் செய்வதும் நம் கையிலுள்ள ரிமோட். அலாரம் விழித்திருப்பதைக் காட்ட ஒரு சிறு சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டிருக்கும். ஸ்டார்ட்டரைத் தடுப்பதற்கு ஒரு ரிலேயும் உண்டு.

கார்களில் கதவைத் திறந்தால் அலாரம் அறிந்துகொள்ளும். டிராக்டருக்குப் பெரும்பாலும் கதவே இல்லை. ஆதலின் இங்கு வேண்டுவன இரண்டு உணர்விகள். ஒன்று பானெட்டின் கீழ் வைக்கும் ஊசிச் சுவிட்சு. பானெட் மூடியிருக்கும்போது ஊசி அழுந்தியிருக்கும். திறந்தால் ஊசி எழுந்து, கம்பியை வண்டியின் சட்டத்தோடு சேர்க்கும். பாட்டரியைக் கழற்ற வருபவனை இது காட்டிக்கொடுக்கும். மற்றொன்று அதிர்வையும் சாய்வையும் அறியும் உணர்வி. வண்டியைத் தள்ளினாலும், லாரியில் ஏற்றத் தூக்கினாலும் இது அறியும்.

கூரையில்லாத டிராக்டர் மழையிலும் வெயிலிலும் நிற்பது. சேற்றுழவு முடிந்தால் நீர் பீய்ச்சிக் கழுவப்படுவது. காரின் உட்புறத்திற்காகச் செய்யப்பட்ட பெட்டி இங்கு ஒரு மழைக்காலத்தைக் கூடத் தாங்காது. எனவே, நீர் புகாத உறையிட்ட அலாரத்தையே கேட்டு வாங்க வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கென விற்கப்படுவனவற்றில் இத்தகையவை உண்டு. சைரனுக்குள் தனியாக ஒரு சிறு பாட்டரி இருப்பின் இன்னும் சிறப்பு. திருடன் பெரிய பாட்டரியின் கேபிளை அறுத்தாலும் அது ஒலித்துக்கொண்டிருக்கும்.

மின்சாரக் கணக்கு

டிராக்டரின் பாட்டரி பெரும்பாலும் 12 வோல்ட் கொண்டது. முழுச் சார்ஜில் ஓய்வாக இருக்கும்போது ஏறக்குறைய 12.6 வோல்ட்டும், எஞ்சின் ஓடுகையில் ஏறக்குறைய 14 வோல்ட்டும் மீட்டர் காட்டும். அலாரமும் 12 வோல்ட்டுக்கு உரியதாக இருக்க வேண்டும். பஞ்சாயத்துகளில் தூய்மைப் பணிக்கு ஓடும் பாட்டரி வண்டிகளில் வோல்ட் இதனினும் மிகுதி. அவற்றின் முனைகளில் இந்த அலாரத்தை நேராக இணைத்தால் அது கருகிவிடும்.

காவல்காரனுக்குக் கூலி உண்டு, அலாரத்திற்கும் உண்டு. விழித்திருக்கும் நேரமெல்லாம் அது பாட்டரியிலிருந்து சிறிது மின்சாரம் எடுத்துக்கொண்டேயிருக்கும். நல்ல அலாரம் 0.02 ஆம்பியர் எடுப்பதாகக் கொள்வோம். ஒரு நாளைக்கு 24 மணி, பெருக்கினால் 0.48 ஆம்பியர் மணி. அறுவடை முடிந்து வண்டி 60 நாள் சும்மா நின்றால் ஏறக்குறைய 29 ஆம்பியர் மணி போய்விடும். 88 ஆம்பியர் மணி பாட்டரியில் இது மூன்றில் ஒரு பங்கு. மட்டமான அலாரம் 0.05 ஆம்பியர் எடுக்குமானால், அதே 60 நாளில் 72 ஆம்பியர் மணி போகும். பாட்டரி தானாகவே இழப்பதும் இதனோடு சேரும். பிறகு முதல் மழை பெய்த அன்று வண்டி கிளம்பாது. திருடனிடமிருந்து காத்த டிராக்டரை அலாரமே முடக்கிவிடும்.

ஆகையால் வாங்கும்போதே, ஓய்வில் எவ்வளவு ஆம்பியர் எடுக்கும் என்று கேட்டறிய வேண்டும். வண்டி நிற்கும் பருவத்தில் பத்து நாளுக்கு ஒரு முறையேனும் எஞ்சினை அரை மணி நேரம் ஓடவிட வேண்டும்.

பியூஸின் அளவையும் கணக்கிட்டே கொள்ள வேண்டும். 20 வாட் சைரன் ஏறக்குறைய 1.7 ஆம்பியர் எடுக்கும். திசை காட்டும் பல்பு ஒவ்வொன்றும் 21 வாட். நான்கும் ஒருங்கே எரிந்தால் 7 ஆம்பியர். இரண்டும் சேர்ந்து 9 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. எனவே 10 முதல் 15 ஆம்பியருக்குட்பட்ட பியூஸ் போதும். பியூஸ் அடிக்கடி போகிறது என்று அதனிடத்தில் தடித்த கம்பியை முறுக்கி வைப்போர் உண்டு. அது வைக்கோற்போரில் தீக்கங்கை வைப்பதற்கு ஒப்பாகும்.

தொடங்கும் முன்

முதலாவதாக, பாட்டரியின் எந்த முனை வண்டியின் சட்டத்தோடு சேர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். இக்கால டிராக்டர்களில் அது எதிர்முனை. மிகப் பழைய வெளிநாட்டு டிராக்டர்கள் சிலவற்றில் நேர்முனை சட்டத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். அவற்றில் இக்கட்டுரையின் முறை பொருந்தாது.

இரண்டாவதாக, கியரை நியூட்ரலில் வைத்து, கை பிரேக்கை இழுத்து, சாவியை எடுத்துவிட வேண்டும். மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றி வைத்தல் வேண்டும். பாட்டரியிலிருந்து தீப்பற்றக்கூடிய வாயு வெளிவருமாதலால், அருகில் பீடி, சிகரெட் கூடவே கூடாது.

மூன்றாவதாக, பாட்டரியின் எதிர்முனைக் கேபிளை முதலில் கழற்ற வேண்டும். வேலை முடிந்தபின் அதனையே கடைசியில் பூட்ட வேண்டும். நேர்முனையை முதலில் கழற்ற முயன்றால், ஸ்பானர் தவறிச் சட்டத்தில் படும்போது பெரும் மின்பொறி எழும், கை வெந்துபோகும்.

இணைக்கும் முறை

1. கட்டுப்பாட்டுப் பெட்டியை மீட்டர்கள் உள்ள பலகையின் பின்புறத்தில் மறைவாகப் பொருத்துக. கம்பிகள் கீழ்நோக்கி வெளிவர வேண்டும். கம்பி சற்றுத் தாழ்ந்து வளைந்து பிறகு மேலேறினால், அதன் வழியே வரும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும், பெட்டிக்குள் செல்லாது.

2. நேர்மின் கம்பியைச் சாவிச் சுவிட்சிலிருந்து எடுக்கலாகாது. சாவியை எடுத்தபின்னும் அலாரம் விழித்திருக்க வேண்டும் அல்லவா? பாட்டரியின் நேர்முனையிலிருந்தே எடுக்க வேண்டும். முனையிலிருந்து ஒரு சாண் தூரத்திற்குள் பியூஸ் இருத்தல் அவசியம். பியூஸுக்கு முன்னுள்ள கம்பிக்குப் பாதுகாப்பு ஏதும் இல்லை. எலி கடித்தோ, உராய்ந்தோ அது சட்டத்தில் பட்டால், பாட்டரியின் முழு மின்சாரமும் பாய்ந்து கம்பி தீப்பற்றும்.

3. எர்த் கம்பிக்கு லக் பொருத்தி, சட்டத்திலுள்ள ஒரு போல்ட்டில் இறுக்குக. அவ்விடத்துப் பெயிண்டைச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரியுமாறு செய்த பிறகே இறுக்க வேண்டும். மேலே கிரீஸ் தடவ வேண்டும். அலாரம் காரணமின்றிக் கூவுவதற்கு எர்த் சரியில்லாமையும் ஒரு முக்கியக் காரணம்.

4. சைரனைக் கைக்கு எளிதில் எட்டாத இடத்தில், சைலன்சருக்கு விலகி, வாய் கீழ்நோக்கி இருக்குமாறு பொருத்துக. வாய் மேல்நோக்கினால் மழைநீர் தங்கும்.

5. இடப்பக்க விளக்குக்கும் வலப்பக்க விளக்குக்கும் அலாரத்திலிருந்து தனித்தனிக் கம்பி வர வேண்டும். இரண்டையும் ஒன்றாக முறுக்கி இணைத்தால், இடப்புறம் திரும்ப விளக்கிடும்போது வலப்புறமும் எரியும். பின்னால் வருபவர் குழம்பி விபத்து நேரலாம்.

6. விளக்கு, சைரன் கம்பிகள் 1.5 சதுர மில்லிமீட்டரும், உணர்விகளின் கம்பிகள் 0.5 சதுர மில்லிமீட்டரும் இருத்தல் போதும். கம்பிகளை வரியிட்ட பிளாஸ்டிக் குழாய்க்குள் இட்டு, ஒரு சாணுக்கு ஒரு கட்டு வீதம் கட்டுக. பான் பெல்ட், கிளட்ச் மிதி, சைலன்சர் ஆகியவற்றின் பக்கம் அவை செல்லலாகாது. தகட்டுத் துளையின் வழியே செல்லும் இடத்தில் ரப்பர் வளையம் இட வேண்டும். கம்பிகளை வெறுமனே முறுக்கி டேப் சுற்றுவது டிராக்டரின் அதிர்வுக்கும் நம் நாட்டு வெயிலுக்கும் நில்லாது. இறுக்குக் குறட்டினால் அழுத்தி இணைத்து, வெப்பத்தால் சுருங்கும் குழாயிட்டு மூடுவதே முறை.

ஸ்டார்ட்டரைத் தடுக்கும் ரிலே

கூவுவது மட்டும் போதாது. வண்டி கிளம்பாமலும் இருக்க வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறிக்குச் செல்லும் மின்சாரத்தை நிறுத்தினால் எஞ்சின் நின்றுவிடும். டீசல் எஞ்சினில் தீப்பொறியே இல்லை. காற்றை அழுத்தும் சூட்டிலேயே எண்ணெய் எரிகிறது. ஆகையால் டிராக்டரில் நாம் தடுக்க வேண்டியது ஸ்டார்ட்டரை.

ரிலேயின் அடியில் 30, 85, 86, 87, 87ஏ என்னும் எண்கள் இருக்கும். 85, 86 ஆகியவை உள்ளிருக்கும் சுருளின் முனைகள். சுருளில் மின்சாரம் இல்லாதபோது 30-உம் 87ஏ-யும் சேர்ந்திருக்கும். மின்சாரம் பாய்ந்தால் அவை பிரிந்து, 30-உம் 87-உம் சேரும். நமக்கு 87 தேவையில்லை. அதனைத் தனியே விட்டுவிடலாம்.

சாவிச் சுவிட்சிலிருந்து ஸ்டார்ட்டர் சொலினாய்டுக்குச் செல்லும் கம்பியை வெட்டி, சாவிப் பக்கத்து நுனியை 30-இலும், சொலினாய்டுப் பக்கத்து நுனியை 87ஏ-யிலும் இணைக்க வேண்டும். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பினால் மின்சாரம் பெறும் கம்பியை 86-க்குக் கொடுக்க வேண்டும். அலாரம் விழித்திருக்கையில் எர்த் கொடுக்கும் கம்பியை 85-க்குக் கொடுக்க வேண்டும். இப்போது நடப்பது என்ன? அலாரம் விழித்திருக்கையில் ஒருவன் சாவியைத் திருப்பினால், சுருளில் மின்சாரம் பாய்ந்து வழி பிரிந்துவிடும், ஸ்டார்ட்டர் சுழலாது. சாவி திருப்பப்படாத நேரத்தில் ரிலே மின்சாரம் எடுப்பதில்லை. அலாரம் பழுதானாலும் வழி சேர்ந்தே இருக்குமாதலால், உழவு நின்றுபோகாது.

இங்கு ஒரு நுட்பத்தை மறத்தலாகாது. சில வண்டிகளில், சாவியை ஸ்டார்ட் நிலைக்குத் திருப்பும்போது வேறு சில கம்பிகளுக்கு மின்சாரம் நின்றுவிடும். அத்தகைய கம்பியை 86-க்குக் கொடுத்திருந்தால், வேண்டிய கணத்தில் ரிலே கைவிட்டுவிடும். ஸ்டார்ட் நிலையிலும் மின்சாரம் விடாத கம்பிதானா என்பதை மீட்டரால் பார்த்த பின்னரே இணைக்க வேண்டும். சொலினாய்டு தொடக்கத்தில் மிகுந்த மின்சாரம் இழுக்குமாதலால், 87ஏ முனையில் குறைந்தது 30 ஆம்பியர் தாங்கும் ரிலேயே வேண்டும். புதிதாக இடும் கம்பியும் பழைய கம்பியின் தடிமனுக்குக் குறையலாகாது.

டீசல் செல்வதை அலாரம் நிறுத்துமாறு இணைத்துத் தருகிறோம் என்று சொல்வோர் உண்டு. அதற்கு இசைய வேண்டா. நெல் மூட்டை ஏற்றிய டிரெய்லரோடு வண்டி பாலத்தில் ஏறும்போது அலாரம் தவறுதலாக வேலை செய்தால், எஞ்சின் நடுவழியில் நிற்கும். பவர் ஸ்டியரிங் கனத்துப்போகும். வண்டி பின்னோக்கி உருளவும் கூடும். ஓடும் வண்டியை நிறுத்தும் அதிகாரம் ஓட்டுநருக்கே இருக்க வேண்டும்.

திருடன் சாவியை நாடாமல், ஸ்டார்ட்டரின் முனைகளை ஸ்குரூடிரைவரால் இணைத்தும் கிளப்பக்கூடும். நம் ஓட்டுநர் சிலரும் அவசரத்தில் இவ்வாறு செய்கின்றனர். கியரில் இருக்கும் டிராக்டர் அக்கணமே பாய்ந்து, அருகில் நிற்பவர்மேல் ஏறிவிடும். இதனால் உயிர் இழந்தோர் உண்டு. எக்காரணத்தாலும் இதனைச் செய்யலாகாது. திருடனுக்கு இவ்வழியை அடைக்க, பாட்டரியின் நேர்முனைக் கேபிளில் ஒரு வெட்டுச் சுவிட்சை அமைத்து, இரவில் அதன் கைப்பிடியைக் கழற்றி வீட்டிற்கு எடுத்துச் செல்லலாம். அலாரத்தின் நேர்மின் கம்பியை அச்சுவிட்சுக்கு முன்பாக, பாட்டரி முனையிலிருந்தே எடுத்திருந்தால், வண்டி செயலற்றிருக்கும்போதும் அலாரம் விழித்திருக்கும்.

சோதனை

வேலை முடிந்ததும் கூலி கொடுத்துவிடாமல், நான்கு சோதனைகளைச் செய்து பார்க்க வேண்டும். முதலில், பாட்டரியின் எதிர்முனைக்கும் அதன் கேபிளுக்கும் நடுவில் அம்மீட்டரை வைத்து, அலாரம் ஓய்வில் எடுக்கும் மின்சாரத்தை அளந்து குறித்துக்கொள்க. இச்சோதனையின்போது ஸ்டார்ட் செய்தால் மீட்டர் போய்விடும். இரண்டாவதாக, அலாரத்தை விழிக்கச் செய்து, பானெட்டைத் திறந்து பார்க்க. சைரன் ஒலிக்க வேண்டும். மூன்றாவதாக, நியூட்ரலில் வைத்து, இருக்கையில் அமர்ந்து சாவியைத் திருப்புக, ஸ்டார்ட்டர் அசையலாகாது. நான்காவதாக, அலாரத்தை உறங்கச் செய்து மீண்டும் திருப்புக. உடனே கிளம்ப வேண்டும். ஒரு வாரம் உழுதபின் எல்லா இணைப்புகளையும் மறுபடி இறுக்கிப் பார்த்தல் நலம்.

ரிமோட் தொலைந்தால் அலாரத்தை நிறுத்துவதற்கான மறைவுச் சுவிட்சு எங்கிருக்கிறது என்பதை வீட்டில் இன்னும் ஒருவர் அறிந்திருக்க வேண்டும். ரிமோட்டின் சிறு பாட்டரியை ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுக.

பஞ்சாயத்தின் பங்கு

நாம் சென்றிருந்த ஒரு கிராமத்தில், ஒருவர் தம் டிராக்டருக்கு அலாரம் வைத்தார். அதிர்வு உணர்வியை மிகவும் கூர்மையாக வைத்துவிட்டார்கள். லாரி போனால் கூவியது. நாய் ஏறிப் படுத்தால் கூவியது. மாடு உடம்பைத் தேய்த்துக்கொண்டாலும் கூவியது. முதல் மூன்று இரவுகள் அண்டை வீட்டார் ஓடி வந்தனர். பிறகு முணுமுணுத்தனர். பத்தாம் நாள் எழுந்திருப்பதையே விட்டுவிட்டனர். ஓர் இரவு அது மெய்யாகவே கூவியது. புரண்டு படுத்தோம், எழவில்லை என்று அவர்களே பின்னர் நம்மிடம் வருந்தினர். விடிந்து பார்க்கையில் பாட்டரி இல்லை. புலி வருகிறது என்ற கதைதான்.

இதிலிருந்து நாம் அறிவது யாது? அலாரம் திருடனைப் பிடிப்பதில்லை, அது அழைக்கிறது. அழைப்பைக் கேட்டு வருபவர் இருந்தால்தான் அதற்குப் பயன். ஆகையால் உணர்வியை, கையால் தட்டினால் ஒலிக்காமலும் வண்டியை அசைத்தால் ஒலிக்குமாறும் திருத்தி வைக்க வேண்டும். அரை நிமிடம் அல்லது ஒரு நிமிடம் ஒலித்துத் தானே நிற்கும் அலாரமே ஊருக்கு ஏற்றது. குழந்தைகளும் நோயாளிகளும் உறங்கும் தெருவில் ஓயாமல் கூவும் சைரன் அண்டை அயலாரின் நல்லெண்ணத்தை அழித்துவிடும். அந்த நல்லெண்ணமே உண்மையான காவல்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதில் செய்யக்கூடியது மிகுதி. ஊரிலுள்ள டிராக்டர்களின் பதிவு எண், சேஸிஸ் எண், எஞ்சின் எண் ஆகியவற்றை ஒவ்வோர் உரிமையாளரும் எழுதி வீட்டில் பத்திரப்படுத்துமாறு கிராம சபையில் அறிவுறுத்தலாம். இரவில் அலாரம் ஒலித்தால் எந்தத் தெருவினர் எழுந்து வருவது, விளக்குடன் இருவர் சேர்ந்தே வருவது, 112 என்னும் எண்ணுக்கு யார் சொல்வது என்பவற்றை முன்னரே பேசி முடிவு செய்யலாம். திருடனைத் தனியாக எதிர்க்க ஒருவரும் முனைய வேண்டா என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம். வாடகைக்கு விடப்படும் பொது டிராக்டர் இருக்குமானால், அலாரத்தின் சோதனையை மாதம் ஒரு முறை செய்து, பதிவேட்டில் குறிக்கும் பொறுப்பை ஒருவருக்கு ஒப்படைக்கலாம். ஊரில் மின்வேலை பயின்ற இளைஞர் இருப்பின், இவ்வேலையை முறையாகக் கற்றுச் செய்ய அவரை ஊக்குவிக்கலாம்.

மாட்டின் கழுத்து மணியை நம் முன்னோர் அழகுக்காக மட்டும் கட்டவில்லை. மணியோசை மாறினால் அறிந்துகொள்ளும் செவியையும் அவர்கள் வளர்த்து வைத்திருந்தனர். டிராக்டருக்கு நாம் கட்டும் மணிக்கும் அத்தகைய செவி வேண்டும். பியூஸுடன், நல்ல எர்த்துடன், முறையான ரிலேயுடன் மணியைக் கட்டுவது உழவர் கடமை. அதற்குச் செவி சாய்ப்பது ஊரின் கடமை. இரண்டும் சேர்ந்தால், உழவர் மீண்டும் திண்ணையில் அச்சமின்றி உறங்கலாம்.